இரண்டு ஓ

என் கடைக்கு வந்து, வேலை முடிந்த பிறகு திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. திட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். மேற்குத் தாம்பரத்தில் ரயிலடிப் பாலத்திலிருந்து இறங்கியதும் இடது கைப்பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஆன்லைன் அப்ளிகேஷன், ஆதார் பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் உண்டு. அந்த லேமினேஷன் என்ற சொல்லை போர்டு எழுதியவன் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தான். பதினோரு வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் முதல் தடவை வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த எழுத்தைத் திருத்தினார். பிறகு படியேறி உள்ளே வந்து, "இப்போ பேசலாம் மேன்" என்றார்.

எழுபதைத் தொட்ட வயது. முழங்காலுக்குக் கீழே வரும் பூப்போட்ட கவுன், ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம், கையில் எப்போதும் ஒரு பைல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் டி.சி. டைப் அடித்து ஓய்வு பெற்றவர். "ஒரு எழுத்து தப்பா அடிச்சா, அந்தப் புள்ள வாழ்க்கை பூரா அந்தத் தப்போட நடக்கணும்" என்பார். அவர் டைப் அடித்த டி.சி.யில் தப்பு கண்டுபிடித்தவர் கிடையாது. அதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆனால் நம்பினேன். அவருடைய பெயரின் முன்பாதியை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏதாவது ஒரு புள்ளியை விட்டுவிட்டால், இறந்து மூன்று வருஷமானாலும் மார்க்கரோடு வந்து நிற்கக்கூடிய ஆள் அவர்.

எங்கள் பக்கத்தில் ஆங்கிலோ இந்தியர்களைச் சட்டைக்காரர்கள் என்று சொல்வது பழைய வழக்கம். ரயில்வே காலனியை ஒட்டியிருந்த அவர் வீட்டையும் சட்டைக்காரம்மா வீடு என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் என் கடையில் பிரிண்ட் எடுக்க வந்த ஒருவர், அவர் காதில் விழும்படியே, "சட்டைக்காரிக்கு எவ்ளோ கோவம் வருது பாரு" என்றார். அவர் திரும்பி அந்த ஆளை மேலிருந்து கீழே பார்த்தார். "நீ என்ன, சட்டை போடாமலா வந்திருக்க?" என்று கேட்டார். அந்த மனிதர் பிரிண்டை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் அவருக்கும் தகராறு ஆரம்பித்தது ரேஷன் கார்டில். ஸ்மார்ட் கார்டுக்கு விண்ணப்பம் போட வந்தார். ஆங்கிலத்தில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், நானும் சரியாகத்தான் அடித்தேன். தமிழில் பெயர் கேட்கிற கட்டம் வந்தது. அவருடைய குடும்பப் பெயர் மெரிகன். கடையில் கூட்டம், பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின் சத்தம், என் காதில் முருகன் என்று விழுந்தது. நம் ஊரில் வேறு என்னவாக விழும்? அடித்துவிட்டேன். கார்டு வந்தது. அவர் பெயருக்குப் பின்னால் ஒரு முருகன், தந்தை பெயரில் இன்னொரு முருகன்.

கார்டை என் மேஜையில் போட்டார். "படி" என்றார்.

படித்தேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா பாட்ரிக் எந்த ஊர்லேர்ந்து வந்தவன் தெரியுமா? அயர்லாந்து. கப்பல்ல வந்தவன். அவனை நீ வேல் குடுத்து மயில்ல ஏத்திட்ட."

திருத்த விண்ணப்பம் போட்டேன். ஆதாரம் போதவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. அவர் வாரத்துக்கு மூன்று நாள் பதினோரு மணிக்கு வந்து, என் எதிரே இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன ஆச்சு மேன் என் திருத்தம்?" என்று கேட்பது வழக்கமாயிற்று. வந்தது வந்தோம் என்று என் இன்னொரு கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவருடைய பைலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். ரயிலில் கொடி காட்டுகிற கார்டாக இருந்தவர். சாகும்போது தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: என் கல்லறையில் நாம் எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று எழுது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பழைய கற்களிலெல்லாம் அப்படித்தான் இருக்கும். இன்னார், இன்ன ஊர். தங்கை சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான், அந்த ஊர் எது என்று வீட்டில் யாருக்குமே தெரியாது என்பது உறைத்தது.

குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா பாட்ரிக் மெரிகனின் பெயரும், அதன் கீழே அவர் ஊரின் பெயரும், பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. ஊரின் பெயரில் பின்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஓ, ஓ, ஆர், ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அதை வைத்துக்கொண்டு அவர் அயர்லாந்து முழுவதையும் தேடிக்கொண்டிருந்தார். ஆறு வருஷம். அதுவரை அண்ணன் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவைதான். மழைக்கு ஒரு தடவை அதுவும் சாய்ந்துபோய், இவரே போய் நிமிர்த்தி நட்டுவிட்டு வந்தார்.

"எதையாவது போட்டு முடிங்க மேடம்" என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"கல்லுல பொய் எழுதினா எப்படித் திருத்துவ? மார்க்கர் வேலை செய்யுமா?" என்றார்.

கோவிலம்பாக்கத்தில் பிளாட் வாங்கியிருந்த அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் அவ்வப்போது வருவார். இஸ்திரி கலையாத பேண்ட், அடங்கின குரல், நல்ல மனிதர். அவர்தான் அயர்லாந்து வரைபடத்தில் ஓரன்மோர் என்ற ஊரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். கால்வே பக்கம், கடலோரம். குடும்பமே சந்தோஷப்பட்டது. என்னிடம் அந்த ஊரின் கலர் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னார்கள். பச்சைப் புல், சாம்பல் நிறத்தில் கடல், ஒரு பழைய கல் கட்டடம். சட்டைக்காரம்மா அதை பிரேம் போட்டு டி.வி.க்கு மேலே மாட்டினார். ஆனால் கல் வெட்டச் சம்மதிக்கவில்லை.

"அதுக்கு ஆரம்பத்துல ஒரு ஓ தான். பைபிள்ல ரெண்டு இருக்கு."

"அந்தக் காலத்துல எப்படியோ எழுதியிருப்பாங்க" என்றார் சித்தப்பா மகன்.

"எங்க வீட்டுல எவனும் எழுத்து வீணா போடமாட்டான்."

அயர்லாந்தில் அந்த ஊர் மாதா கோயிலுக்கே மெயில் போட்டார். நான்தான் அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. பழைய பதிவுகளில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் எங்கள் ஊராகவே இருக்கலாம், எப்போது வந்தாலும் உங்களை எங்கள் பிள்ளையாக வரவேற்போம் என்று யாரோ ஒரு பெண்மணி அன்பாக எழுதியிருந்தார். சட்டைக்காரம்மா அதை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷம் அவர் ஆம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "டைப் அடி" என்றார். "உங்கள் அன்புக்கு நன்றி. என்னிடம் ஒரு ஓ அதிகமாக இருக்கிறது. அதற்கு ஒரு வழி சொல்லவும்." அதற்குப் பதில் வரவில்லை.

கண்டுபிடித்தது நான். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, கை தவறியதுதான். நம் பக்கத்துப் பழைய கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படம் பிடித்து ஓர் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் இரண்டு கட்டு. ஐரோப்பியர்களுக்கு ஒன்று, சுதேசிகளுக்கு ஒன்று. ஆறு வருஷமும் அவர் முதல் கட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். அன்று நெட் மந்தம். பக்கம் திறக்கவில்லையே என்று நான் இரண்டு மூன்று தடவை தட்டியதில், கீழே இருந்த சுதேசிகள் கட்டு திறந்துகொண்டது. மூடப் போனேன்.

"இரு" என்றார்.

சாய்வான பழைய கையெழுத்து. அவர் விரலை ஸ்கிரீனில் வைத்து, டைப் அடிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பாட்ரிக் மெரிகன். வயது சுமார் இருபது. ரயில் பாதைக் கூலி. முன்னாள் பெயர் மூர்கன். ஊர், ஓ, ஓ, ஆர், ஏ, அதற்கு மேல் கரையான் தின்னாத மிச்சமும் அங்கே முழுதாக இருந்தது. ஊரப்பாக்கம். கீழே ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரின் கையெழுத்து, தான் அயர்லாந்துக்காரர் என்ற குறிப்போடு.

ஊரப்பாக்கம் தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். பெருங்களத்தூர், வண்டலூர், அடுத்து அது. மூர்கன் என்றால் நம் முருகன்தான்; அவன் அப்படிச் சொன்னது அந்தப் பாதிரியார் காதில் தன் நாட்டுக்காரர்களின் பெயராக விழுந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் அந்தப் பக்கமாகச் செய்த தப்பை நான் இந்தப் பக்கமாகச் செய்தவன்.

"ஒரு காப்பி எடு" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. காப்பியை பைலில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு வந்தார். வீட்டில் சும்மா இருக்கவில்லையாம். அந்தக் கோயிலுக்கே போய், ஏட்டை வாங்கிப் பார்த்து, பாட்ரிக்கின் கல்யாணப் பதிவையும் பிள்ளைகளின் பதிவுகளையும் தேடி எடுத்து, பைபிளில் இருக்கிற பெயர்களோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். கல்யாணப் பெண், ரயில் எஞ்சினுக்குக் கரி போடுகிற ஒரு பயர்மேனின் மகள், சட்டைக்கார வீடு. பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"சந்தேகமே இல்ல மேன்" என்றார். பைலை மூடி மடியில் வைத்தார். "வலிக்குது. ஆறு வருஷம் அந்தப் பச்சை ஊரைக் கனவு கண்டுகிட்டு இருந்தேன்."

அவரை எப்போதும் சண்டைக்காரியாகவே பார்த்துப் பழகிய எனக்கு அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. டீ சொன்னேன். குடித்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று திட்டினார், எனக்கு உயிர் வந்தது.

சித்தப்பா மகனுக்கும் விஷயம் தெரிந்து, மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். "கல்லுல ஓரன்மோர்னு போட்டுடு. ஒரு ஓ தானே வித்தியாசம்? அங்கேயிருந்து வந்து யார் பாக்கப்போறா? வெளியில தெரிஞ்சா நம்ம ஆளுங்க மத்தியில தலை காட்ட முடியாது."

"ஏன் முடியாது?"

"நம்மள யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

சட்டைக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் குரல் வந்தது. "சட்டைக்காரன்னு சொல்லு. பாட்ரிக்குக்குச் சட்டையை யாரும் குடுக்கல, அவனே வெயில்ல மண்ணு சுமந்து வாங்கிப் போட்டுக்கிட்டான். என்னடா வெட்கம் உனக்கு? அயர்லாந்துலேர்ந்து பட்டினியா கப்பல் ஏறி வந்தான்னா பெருமை. ஊரப்பாக்கத்துலேர்ந்து பட்டினியா நடந்து வந்தான்னா கேவலமா? என் அண்ணன் கேட்டது எந்த ஊருன்னு. நல்ல ஊராப் பாத்துப் போடுன்னு கேக்கல."

சித்தப்பா மகன் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் வரவில்லை. அதற்காகச் சட்டைக்காரம்மா வருத்தப்பட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை பின்வாங்கவில்லை.

அன்று மத்தியானமே, "கடையைச் சாத்து, ஊருக்குப் போகணும்" என்றார். எலெக்ட்ரிக் டிரெயினில் மூன்று ஸ்டேஷன். இறங்கியதும் முதல் காரியமாக ஸ்டேஷன் போர்டின் எதிரே நின்று படித்தார். "பாரு, யு-ல ஆரம்பிக்குது. ஒரு ஓ கூட இல்ல" என்றார், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி.

வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடை. சுற்றிலும் அடுக்குமாடி, ஹார்டுவேர் கடை, பிளாட் விற்பனைக்கு என்று பேனர். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கவுனைப் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்தார். "மேடம் எந்த ஊரு? ஃபாரினா?"

"இந்த ஊருதான்."

அவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தாவோட அப்பா இந்த ஊரு. முருகன்."

"அப்படியா? நாங்க நாலு தலைமுறையா இங்கதான் கீறோம். நிலம் இருந்துச்சு, இப்போ எல்லாம் பிளாட்டாய்டுச்சு." அடுத்ததாக அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை, பால் ஆற்றிக்கொண்டே சகஜமாகத்தான் கேட்டார். "எந்தத் தெரு மேடம்?"

அந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் டி.சி.யில் அந்தச் சாதிக் கட்டத்தையும் டைப் அடித்தவர் அல்லவா? டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அவன் சொல்லல" என்றார். "அவன் சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்."

திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பைலைத் திறந்து அந்தக் காப்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டலூர் தாண்டியபோது திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பாதிரியார் தப்பாக் கேட்டார்னு வர்ற வழியில நீ சொன்ன."

"ஆமா மேடம். நான் கேட்ட மாதிரியே."

"உனக்கு எப்படித் தெரியும்? அவரு மெரிகனான்னு கேட்டிருப்பாரு. அவன் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ஆமான்னு சொல்லியிருப்பான். எந்தத் தெருன்னு எவனும் கேக்க முடியாத பேரு ஒண்ணு கிடைச்சா விடுவானா? இருபது வயசுப் பையன்." காப்பியில் இருந்த அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். "இது தப்பு இல்ல மேன். திருத்தம்."

ரேஷன் கார்டு என் மனதில் உறுத்தியது. இனிமேல் அந்த முருகனை அப்படியே விட்டுவிடலாம் அல்லவா என்று, நல்லது செய்கிற நினைப்பில், மெதுவாகக் கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"முருகன் எங்க கொள்ளுத்தாத்தா பேரு. அதை என் பேர்ல எழுத நீ யாரு? அவன் கஷ்டப்பட்டு மாத்தினதை நீ ஒரு நிமிஷத்துல பழசுக்குக் கொண்டுபோவியா? நாளைக்கே விண்ணப்பம் போடு." போட்டேன். இந்தத் தடவை அந்தப் பதிவேட்டின் காப்பியை ஆதாரமாக இணைத்தோம். மெரிகன் என்று கார்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். ஓரன்மோர் படத்தை மட்டும் அவர் கடைசி வரை டி.வி. மேலிருந்து எடுக்கவில்லை. கேட்டதற்கு, "அழகா இருக்கு, இருக்கட்டும்" என்றார்.

கல் வெட்டுகிற இடத்துக்கும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். கறுப்புக் கிரானைட். அண்ணன் பெயர், மெரிகன், பிறப்பு, இறப்பு, அதன் கீழே ஊர். காகிதத்தைப் படித்த கல்தச்சர் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, ஊரப்பாக்கத்துக்கு ரெண்டு ஓ போட்டுக்கீறீங்களே. ஸ்டேஷன் போர்டுல யு தான் கீது. நான் தெனம் அந்த வழியாத்தான் வந்துகினு போய்கினு கீறேன். இப்படி வெட்டுனா பாக்குறவங்கோ தப்புன்னு சொல்வாங்கோ."

அவர் கைப்பையைத் திறந்து மார்க்கரை எடுத்தார். கல்லின் மேல் குனிந்து, தாமே இரண்டு ஓ எழுதினார். வட்டமாக, பெரிதாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல்.

"ரெண்டு. ஒண்ணு குறைஞ்சாலும் கல்லை எடுக்க மாட்டேன்" என்றார். "தப்புன்னு எவனாவது வந்து சொன்னா, தாம்பரத்துல இந்த மேன் கடை இருக்கு, அங்க அனுப்பு. நான் அங்கதான் உக்காந்திருப்பேன்."

அண்ணனின் பக்கத்தில் இப்போது அவரும் இருக்கிறார். அவருடைய கல்லை நான்தான் நின்று வெட்டவைத்தேன், சித்தப்பா மகனும் கூட நின்றார். எழுத்துகளை மூன்று தடவை சரிபார்த்தோம், ஊரின் பெயரில் ஓ இரண்டையும் நாலாவது தடவையாக. கல்தச்சரும் சட்டைக்காரம்மா சொன்னபடியே நடக்கிறவர். கல்லறைத் திருநாளுக்கு வந்துவிட்டு, அந்தக் கற்களில் ஊர்ப் பெயர் தவறாக இருக்கிறதே என்று அவரிடம் கேட்கிறவர்களை மறக்காமல் என் கடைக்கு அனுப்பிவிடுகிறார். இதுவரை நான்கு பேர் வந்திருக்கிறார்கள். நான் அவர்களை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்.

"தப்பு இல்ல சார். திருத்தம்."